ராடைக் குறை சொல்லும் முன்: ஃப்ளை ராட் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

பூச்சி போலக் கட்டிய இலேசான தூண்டிலை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் ஏதாவது சரியாக வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது ராட், அதாவது தூண்டில் கோல்தான். அடுத்து வரும் யோசனை, இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. அமெரிக்கக் கடைகளில் 150 டாலருக்கும் ராட் கிடைக்கிறது, 1,000 டாலரைத் தாண்டியும் கிடைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வித்தியாசம் சில கோளாறுகளைத்தான் தீர்க்கும். பெரும்பாலானவற்றைத் தொடவே தொடாது.

கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் ஆற்றில் நிற்கும்போது வாயில் வரும் புகார்கள். உங்கள் புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். பேச்சு முழுக்க ட்ரௌட் மீனுக்கான 9 அடி, 5 வெயிட் ராடை மனதில் வைத்துத்தான். உலகத்தில் அதிகம் பேர் முதலில் வாங்குவது அதைத்தான்.

எந்தப் புகாராக இருந்தாலும்: முதலில் லைனை எடை போடுங்கள்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். இங்கே ஃப்ளைக்கு, அதாவது பூச்சி போலக் கட்டிய கொக்கிக்கு, எடை கிடையாது என்றே சொல்லலாம், இறகும் நூலும்தான். எடை முழுவதும் லைனில், அதாவது பிளாஸ்டிக் பூசிய தடித்த நரம்பில், இருக்கிறது. அந்த எடையில் ராட் வளைந்து, நிமிரும்போது லைனை எறிகிறது. அதனால் லைனை விட்டுவிட்டு ராடை மட்டும் நல்லது, கெட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ராடின் மேல் எழுதியிருக்கும் "5" என்பது அதற்கு ஏற்ற லைனின் எண். லைனின் எண்ணுக்கு அளவுகோல் உண்டு. முனையில் இருக்கும் சிறு சமதடிமன் துண்டை விட்டுவிட்டு, முதல் 30 அடி லைனை நிறுக்க வேண்டும். 4 வெயிட் என்றால் 120 கிரெயின், அதாவது 7.8 கிராம். 5 வெயிட் 140 கிரெயின், 9.1 கிராம். 6 வெயிட் 160 கிரெயின், 10.4 கிராம். 8 வெயிட் 210 கிரெயின், 13.6 கிராம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும்; லைனை வளையமாகச் சுற்றி மேலே வைத்தால் எடை தெரிந்துவிடும்.

ராடின் மேல் இருக்கும் எண்ணுக்கு அப்படி ஒரு அளவுகோல் இல்லை. அது தயாரிப்பவரின் கருத்து. ஒருவர் 5 என்று எழுதும் ராட் இன்னொருவரிடம் 6 என்று விற்கும் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். விறைப்பான ராட்கள் பெருகியதும் லைன் தயாரிப்பவர்களும் பெட்டியில் 5 என்று போட்டுக்கொண்டே அரை எண், ஒரு எண் கூடுதல் எடையில் லைன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, பெட்டியில் 5, ராடில் 5 என்று பொருத்தி வாங்கியும் பொருந்தாமல் போவதற்கு வாய்ப்பு நிறைய. எடை போட்டுப் பார்க்காமல் யாரையும் குறை சொல்ல முடியாது.

எடை சரி என்றால் லைனைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி மென்மையான சோப்பு, ஒரு பழைய துணி. துணியில் கறுப்பாக இறங்குவதைப் பார்த்தால் லைன் ஏன் கைடுகளில் (ராடில் லைன் ஓடும் வளையங்களில்) ஓடவில்லை என்பது புரியும். ரீலில் சுருண்டு கிடந்த லைனைக் கையால் இரண்டு பக்கமும் இழுத்து நீட்டிவிடுங்கள். கொசு மருந்து பூசிய கையால் மட்டும் தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து லைனின் பிளாஸ்டிக் மேற்பூச்சைக் கரைத்துவிடும். மேற்பூச்சு வெடித்திருந்தால் கழுவிப் பயனில்லை, புதுசு வாங்க வேண்டியதுதான். ஒரு புது லைனின் விலை, விலையுயர்ந்த ராடின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

"பக்கத்தில் போடவே முடியவில்லை, ராட் கம்பி மாதிரி நிற்கிறது"

இந்தப் புகாரில் பெரும்பாலும் ராட்தான் குற்றவாளி. வேடிக்கை என்னவென்றால், விலை கூடக்கூட இந்தக் கோளாறும் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன் 25 அடி தூரத்தில் இருக்கிறது. அதில் லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடரே 9 அடி. ராடின் நீளமும் கொஞ்சம் கழியும். ராட் நுனிக்கு வெளியே நிற்கும் லைன் 10 அடிகூட இருக்காது. அதுவும் லைனின் மெலிந்த முன்பகுதி. 30 அடிக்கு 9.1 கிராம் என்றால், இப்போது வெளியே இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. 60 அடி வீச்சை மனதில் வைத்து வடிவமைத்த விறைப்பான ராட் அந்த எடையை உணரக்கூட உணராது. அது வளையாததால் நீங்கள் கையால் தள்ளுகிறீர்கள். லீடர் குவியலாக விழுகிறது.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதற்குப் பின்னணி உண்டு. மூங்கில் ராட்கள் மெதுவாக, அடிப்பகுதி வரை வளைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த ஃபைபர்கிளாஸும் ஏறக்குறைய அப்படித்தான். 1973-ல் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் ராடைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, குறைந்த எடையில் அதிக விறைப்பு சாத்தியமானது. அப்புறம் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட விறைப்பு, முந்தையதைவிட வேகம் என்று விளம்பரம் ஓடியது. கடைக்குப் பின்னால் புல்வெளியில் வீசிப் பார்ப்பவர்கள் எல்லாம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்களே தவிர, 20 அடியில் ஒரு தட்டின் மேல் விழுகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

சோதனை: ராடைத் தொடாமல், ஒரு எண் கனமான லைனை நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீச்சு உடனே சீராகிறதா? அப்படியானால் கோளாறு பொருத்தத்தில்தான். இருக்கும் ராடுக்கு அரை எண்ணோ ஒரு எண்ணோ கனமான, முன்பகுதியில் எடை குவிந்த லைன் வாங்கினால் வேலை முடிந்தது. நீங்கள் மீன் பிடிக்கும் இடமே இமாச்சலின் தீர்த்தன் கிளை ஓடைகள், நீலகிரியின் மேட்டு ஓடைகள் போல 30 அடிக்கு மேல் வீச இடமே இல்லாத தண்ணீர் என்றால், 7½ அல்லது 8 அடி நீளத்தில், மெதுவாக வளையும் 3 அல்லது 4 வெயிட் ராட் பாருங்கள். இந்த வகையில் ஃபைபர்கிளாஸ் ராட்கள் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன, விலையும் குறைவு.

"எவ்வளவு முயன்றாலும் 40 அடிக்கு மேல் போகவில்லை"

உங்களைவிட நன்றாக வீசத் தெரிந்த ஒருவரிடம் உங்கள் ராடை, உங்கள் லைனோடு அப்படியே கொடுங்கள். அவர் கையில் அது 60, 65 அடி போனால் விவாதம் அங்கேயே முடிந்தது. நல்ல கைக்கு 150 டாலர் ராடே 70 அடி வீசும்.

உங்கள் வீச்சில் பார்க்க வேண்டியது மூன்று. பின்வீச்சில் லைன் முழுக்க நீளும் வரை நிறுத்துகிறீர்களா? திரும்பிப் பாருங்கள், அதில் வெட்கமில்லை. வீச ஆரம்பிக்கும்போது ராட் நுனி தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறதா? தோள் உயரத்தில் இருந்து ஆரம்பித்தால் தொங்கும் லைனை இழுத்து நிமிர்த்துவதிலேயே பாதி வீச்சு வீணாகிறது. மூன்றாவது, இடது கையால் லைனைச் சுண்டி இழுக்கும் ஹால். ராடின் வேகத்தோடு லைனின் வேகத்தையும் கூட்டித் தருவது அது. பின்வீச்சு, முன்வீச்சு இரண்டிலும் இப்படி இழுக்கும் டபுள் ஹால் பழகாமல் தூரத்துக்காக ராட் மாற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

சரி, ஹாலும் வந்துவிட்டது, நிறுத்தமும் சரி, 60 அடிக்கு மேல்தான் தடுமாற்றம் என்றால்? அங்கே விலையுயர்ந்த ராட் ஏதோ ஒன்றைத் தருகிறது என்பது உண்மை. ராட் நிமிர்ந்த பிறகு நுனி மேலும் கீழும் துள்ளும். நல்ல ராடில் அந்தத் துள்ளல் சீக்கிரம் அடங்கும். துள்ளல் லைனில் அலையாகப் போய் வேகத்தைத் தின்னும். லைன் அதிகமாக வெளியே இருக்கும்போதுதான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ட்ரௌட் ஆறுகளில் மீன் பிடிபடுவது பெரும்பாலும் 40 அடிக்குள். வருடத்தில் எத்தனை முறை 70 அடி வீசப் போகிறீர்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"லீடரில் முடிச்சு முடிச்சாக விழுகிறது"

காற்றினால் வருவது என்று எல்லாரும் சொல்வார்கள். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. டெய்லிங் லூப் என்று சொல்வது இதைத்தான்: லைன் முன்னால் விரியும்போது உருவாகும் U வடிவ வளைவில் (அதுதான் லூப்) மேல் கால் கீழே இறங்கிக் கீழ்க் காலைக் குறுக்கே வெட்டுகிறது, லீடர் தன்னைத்தானே முடிந்துகொள்கிறது. அந்தச் சின்ன முடிச்சு டிப்பெட்டின், அதாவது லீடரின் மெல்லிய கடைசித் துண்டின், பலத்தைப் பாதி வரை குறைத்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போன பிறகு நுனியைப் பார்த்தால், பல நேரம் இப்படி ஒரு முடிச்சு இருந்த இடத்தில்தான் அறுந்திருக்கும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். லைன் எப்போதும் ராட் நுனி போன வழியில்தான் போகும். நுனி நேர்கோட்டில் போனால் லூப் ஒல்லியாக, ஒழுங்காக வரும். ஆனால் கை வட்டமாகச் சுழல்கிறது. வட்டமாகச் சுழலும் கையிலிருந்து நேர்கோடு எப்படிக் கிடைக்கிறது? ராட் வளைவதால். வளையும்போது ராடின் நீளம் குறைகிறது, வட்டத்தின் மேடு தட்டையாகிறது. எவ்வளவு வளைகிறதோ அதற்கு ஏற்ற அளவு கை சுழல வேண்டும். வளைவு அதிகமாகி, கை சுழலும் கோணம் குறைவாக இருந்தால் நுனி நேர்கோட்டுக்குக் கீழே பள்ளமாகப் போகும். டெய்லிங் லூப் அங்கேதான் பிறக்கிறது.

இந்தப் பள்ளம் மூன்று வழிகளில் வரும். வீச்சின் நடுவில் திடீரென்று பலத்தைக் கொட்டுவது ஒன்று. 'இன்னும் ஐந்தடி போகட்டும்' என்று ஆசைப்படும் கடைசி வீச்சில் இது நடக்கும். பின்வீச்சு முடிந்து நிற்க வேண்டிய நேரத்தில் கை மெல்ல முன்னால் நகர்ந்துவிடுவது இன்னொன்று. முன்வீச்சுக்கு மிச்சமிருக்கும் இடம் அதில் குறைந்துபோகிறது. மூன்றாவதில்தான் ராட் வருகிறது. விறைப்பான ராடில் பழகிய கை மென்மையான ராடுக்கு மாறும்போது, அல்லது ராடுக்கு மிகக் கனமான லைனைப் போடும்போது, வளைவு கூடிவிடுகிறது. கை பழைய கோணத்திலேயே சுழல்கிறது.

சோதனை: 30 அடி லைனை வெளியே வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கையை அகலமாகச் சுழற்றி, பலத்தை ஆரம்பத்தில் குறைவாகவும் கடைசியில் அதிகமாகவும் கொடுங்கள். முடிச்சு நின்றுவிட்டால் ராடுக்கு விடுதலை. மெதுவாக, ஒரே சீராக வீசியும் 30 அடியிலேயே லூப் குறுக்கே வெட்டினால் லைனை மறுபடி எடை போடுங்கள். லைன் எடையும் சரியாக இருந்தால்தான் அந்த ராட் உங்கள் கைக்கு மிக மென்மை என்று சொல்லலாம்.

கிட்டே வீசினால் சரி, தூரம் கூடினால் முடிச்சு என்றால் அது எப்போதும் கைதான். லைனின் நீளம் கூடினால் வளைவும் கூடும், கோணமும் கூட வேண்டும்.

"லூப் அகலமாக வருகிறது, எதிர்காற்றில் ஒன்றும் போகவில்லை"

முந்தையதன் நேர் எதிர். கார் வைப்பர் போலக் கை பெரிய வட்டமாகச் சுழல்கிறது, நுனி நேர்கோட்டுக்கு மேலே மேடாகப் போகிறது. மணிக்கட்டைக் கட்டுப்படுத்துங்கள், ராடின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு சிறிது நேரம் வீசிப் பார்த்தால் மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

லூப் ஒல்லியாகவே வந்தும் காற்று அதைத் தின்கிறது என்றால் ஒரு எண் கூட்டுங்கள். மொன்டானாவின் பெரிய ஆறுகளில் பிற்பகல் காற்றில் 5 வெயிட்டோடு போராடுபவர் கையில் விலை குறைந்த 6 வெயிட்டைக் கொடுத்தால், விலை கூடிய 5 வெயிட் செய்யாததை அது செய்யும். கனமான லைனைக் காற்று அவ்வளவு எளிதில் தடுக்காது. லீடரையும் 9 அடியிலிருந்து 7½ அடியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

"அரை நாளில் கை வலிக்கிறது"

விலைக்கும் உழைப்புக்கும் நேரடித் தொடர்பு உள்ள இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விளம்பரத்தில் ராடின் மொத்த எடை இருக்கும். 9 அடி 5 வெயிட் பெரும்பாலும் 75-லிருந்து 100 கிராமுக்குள். ஆனால் உங்கள் கை உணர்வது மொத்த எடையை அல்ல, ராடை ஆட்டும்போது அது காட்டும் எதிர்ப்பை. ஸ்விங் வெயிட் என்கிறார்கள். ஒரு கிராம் எடை பிடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி எதிர்ப்பு கூடும். பிடிக்குப் பக்கத்தில் ரீல் சீட்டில் 20 கிராம் கூடினால் கைக்குத் தெரியாது. நுனியில் ஒரு கைடு கனமாக இருந்தால் தெரியும். விலை கூடிய ராட்களில் நல்ல கிராஃபைட், குறைவான பசை, மெல்லிய நுனி, இலேசான கைடுகள் என்று செலவு செய்வதெல்லாம் இதற்காகத்தான். நாள் முழுக்க வீசுபவருக்கு அது வீண் செலவு இல்லை.

வீட்டிலேயே ஓரளவு அளந்து பார்க்கலாம். ரீல் இல்லாமல் ராடைப் பூட்டி, ஒரு விரல் மேல் வைத்துச் சமன்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பிடியின் நடுவிலிருந்து அந்தப் புள்ளி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, ராடின் எடையால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, 85 கிராம் ராடின் சமன்புள்ளி 55 செ.மீ. தள்ளி இருந்தால் 4,675. 95 கிராம் ராடில் அது 49 செ.மீ. தள்ளி இருந்தால் 4,655. பத்து கிராம் கனமான ராட், ஆட்டும்போது ஏறக்குறைய அதே பாரத்தைத்தான் காட்டும். இது ஸ்விங் வெயிட்டின் துல்லியமான அளவு இல்லை என்றாலும், ஒரே நீளமுள்ள இரண்டு ராட்களை ஒப்பிடப் போதும்.

கனமான ரீலைப் போட்டுச் சமன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ராடைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது உதவும். வீசும்போது நுனியின் பாரம் அப்படியேதான் இருக்கும்.

இதையெல்லாம் அளக்கும் முன் பிடியைப் பாருங்கள். சின்னக் கைக்குத் தடித்த கார்க் பிடி இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். முழங்கை வலி அங்கிருந்தும் வரும். நுண்ணிய உப்புத்தாளால் கார்க்கைக் கொஞ்சம் இழைத்து மெலிதாக்கலாம். இரண்டு வீச்சுக்கு நடுவே, லைன் காற்றில் போகும்போது, பிடியைத் தளர்த்தவும் பழகுங்கள்.

"கொத்தியதும் டிப்பெட் அறுந்துவிடுகிறது"

முடிச்சை எச்சிலில் நனைத்து இறுக்குகிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. உலர்ந்த முடிச்சு இறுகும்போது சூடாகிப் பலமிழக்கும். அடுத்து டிப்பெட்டின் தடிமன். அதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: 11-லிருந்து டிப்பெட்டின் எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது, தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, ஏறக்குறைய 0.15 மி.மீ. 7எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 4, அதாவது 0.10 மி.மீ. தலைமுடியோடு ஒப்பிடும் அளவு மெல்லியது.

இங்கிலாந்தின் டெஸ்ட் போன்ற சுண்ணாம்புக்கல் ஆறுகள், ஐடஹோவின் ஹென்றிஸ் ஃபோர்க் போன்ற தெளிந்த, மெதுவான தண்ணீர் இப்படி மெல்லிய டிப்பெட்டைக் கேட்கும். மீன் வாயை மூடும் கணத்தில் கை கொடுக்கும் அதிர்ச்சியை ராட் நுனி வாங்கிக்கொள்ள வேண்டும். விறைப்பான நுனி அதை அப்படியே டிப்பெட்டுக்கு அனுப்பிவிடும். ஆகவே 6எக்ஸ், 7எக்ஸ் போட்டால் மட்டும் அறுகிறது, 4எக்ஸில் அறுவதில்லை என்றால், உங்கள் ராட் அந்த வேலைக்கு விறைப்பு அதிகம். மென்மையான 4 வெயிட் வேண்டும். இந்த இடத்தில் பழைய மூங்கில் ராட் வைத்திருப்பவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எந்த டிப்பெட்டிலும் அறுகிறது என்றால் ரீலின் டிராக்கை (லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை) தளர்த்துங்கள், கையின் வேகத்தையும்.

"நிம்ஃப் போடும்போது கொத்துவதே தெரியவில்லை"

யூரோ நிம்ஃபிங் என்ற முறையில் லைன் தண்ணீரில் படவே கூடாது. நீளமான மெல்லிய லீடரைத் தொங்கவிட்டு, எடை வைத்த நிம்ஃபை, அதாவது நீரடிப் பூச்சி போலக் கட்டிய ஃப்ளையை, ஆற்றடியில் உருட்டிப் போவார்கள். 9 அடி 5 வெயிட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டு ராட் மோசம் என்பது நியாயமில்லை. இதற்கு 10 முதல் 11 அடி, 2 முதல் 4 வெயிட், நுனி மட்டும் மிக மென்மையாக உள்ள ராட் தேவை. இந்த வகையில் ராட் வீச்சுக்காகப் படும் பாடு குறைவு, நீளமும் நுனியும்தான் முக்கியம். நடுத்தர விலையிலேயே நிறைவான ராட் கிடைக்கும்.

"வீசும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது" அல்லது "நுனித்துண்டு திரும்பிக்கொள்கிறது"

ஃபெரூல், அதாவது துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடம், தளர்ந்திருக்கிறது. உடனே வீசுவதை நிறுத்துங்கள். தளர்ந்த ஃபெரூலோடு வீசினால் உள் விளிம்பில் அழுத்தம் குவிந்து அங்கேயே பிளக்கும். இரண்டு பக்கத்தையும் துணியால் துடைத்து மணலை எடுத்துவிட்டு, ஆண் பகுதியில் வெள்ளை மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்த்துச் செருகுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். மீன் பிடிக்கும் நாளில் மணிக்கொரு முறை இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சத்தத்தோடு லைன் உரசும் உணர்வும் இருந்தால் ஒவ்வொரு கைடுக்குள்ளும் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு இழை சிக்கும் கைடில் கீறலோ பள்ளமோ இருக்கிறது. அந்த ஒரு கைடை மாற்றச் சின்னச் செலவுதான். விட்டுவிட்டால் லைனை அறுத்துவிடும்.

"ராட் உடைந்துவிட்டது"

மீன் இழுத்து உடைவது அபூர்வம். கார் கதவு, வீட்டுக் கூரை விசிறி, எடை வைத்த ஃப்ளை பறந்து வந்து ராடில் மோதியது, இவைதான் வழக்கமான காரணங்கள். மோதிய அன்று ஒன்றும் தெரியாது. இழையில் சின்னக் காயம் இருக்கும், பிறகு ஒரு நாள் சாதாரண வீச்சில் அந்த இடத்தில் ஒடியும். மெல்லிய சுவருள்ள விலையுயர்ந்த ராட்கள் இந்த வகைக் காயத்தை அதிகம் தாங்குவதில்லை. கரைக்கு வந்த மீனைத் தூக்க ராடைச் செங்குத்தாகப் பின்னால் சாய்ப்பது இன்னொரு காரணம். வளைவு முழுக்க மெல்லிய நுனிக்குப் போய்விடுகிறது. ஃப்ளை பாறையில் மாட்டினால் ராடை லைனுக்கு நேராக நீட்டி, கையால் இழுங்கள்.

பெரிய விலையில் ஒரு பகுதி உத்தரவாதத்துக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்விஸ் தன் ராட்களுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. மற்ற பெரிய நிறுவனங்களும் இது போல ஏதாவது வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் இருப்பவருக்கு இது நல்ல பேரம். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து உடைந்த துண்டைக் கூரியரில் அனுப்பி, கட்டணம் கட்டி, சுங்கம் தாண்டி வாங்குவதற்குள் விலை குறைந்த இன்னொரு ராடே வாங்கிவிடலாம். அந்த உத்தரவாதத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ராட்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியானால்

கடை பக்கத்தில் இருந்தால் உங்கள் ரீலையும் லைனையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் லைனில் வீசினால் நீங்கள் சோதிப்பது அவருடைய லைனை. மூன்று நான்கு ராட்களை வாங்கி, பெயரும் விலையும் தெரியாதபடி நண்பரை விட்டுக் காகித டேப் ஒட்டச் சொல்லுங்கள். 20, 35, 50 அடியில் ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டு வையுங்கள். தூரத்தைக் குறிக்காதீர்கள், எத்தனை முறை தட்டின் மேல் விழுந்தது என்பதை மட்டும் குறியுங்கள். 20 அடித் தட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். டேப்பைப் பிரிக்கும்போது ஆச்சரியப்படுபவர்கள் நிறைய.

கடையே இல்லாத ஊரில், பழைய ராடோ நண்பரின் ராடோ கையில் கிடைத்தால், எடைகளால் ஒப்பிடலாம். வில்லியம் ஹேனமன் என்பவர் அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை வைத்து உருவாக்கிய முறை இது. 1982-க்குப் பிறகு வந்த செப்புப்பூச்சுக் காசு ஒவ்வொன்றும் 2.5 கிராம் என்பதால் அதுவே படிக்கல் ஆனது. நம்மிடம் காசு வேண்டாம், அரிசி போதும். ராடின் பிடியை மேசையில் படுக்கைவாட்டில் இறுக்கிக் கட்டுங்கள். நுனிக் கைடில் ஒரு பையைத் தொங்கவிட்டு, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி கீழே இறங்கும் வரை அரிசி போடுங்கள். 9 அடி ராடுக்கு 3 அடி இறக்கம். பையை நிறுத்தால் வருவது ராடின் பலம். அதே நிலையில் நுனி, தரைமட்டத்துக்கு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். 66-க்கு மேல் என்றால் வேகமான ராட், நுனி மட்டும் வளைகிறது. 59-க்குக் கீழே என்றால் மெதுவானது, அடி வரை வளைகிறது.

உங்களுக்குப் பிடித்த ராட் ஒன்று இருந்தால் முதலில் அதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலம், சாய்வு, முன்பு சொன்ன எடை பெருக்கல் சமன்தூரம், ஆக மூன்று எண்கள். புதிதாகப் பார்க்கும் ராடின் மூன்று எண்களும் அதற்குப் பக்கத்தில் வந்தால் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம். குறைந்த விலையாக இருந்தால் மிச்சப் பணத்தில் புது லைன் வாங்கிவிடுங்கள். ட்ரௌட்டுக்கு ரீலில் பணம் போட வேண்டாம், அது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். ஆனால் அந்தமானில் ஜயன்ட் ட்ரெவலி என்ற பெரிய கடல்மீனுக்கு 12 வெயிட்டோடு போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழ்: அங்கே டிராக் நின்றால் எல்லாம் போச்சு, ராடில் மிச்சம் பிடித்து ரீலில் போடுங்கள்.